ராஜா ஏறாத ஆடு

போன இதழில், இங்கிலாந்தின் வடக்கு மலைகளில் மேய்ச்சல் எப்படி நடக்கிறது என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் 'மியூல் ஆடு' என்று ஒரு பெயரைப் போட்டுவிட்டு விளக்காமல் நகர்ந்துவிட்டேன். தப்புதான். அந்த ஒற்றை வார்த்தைக்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்துக்குத் தாராளமாகப் போதும் என்பதால், மற்றவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு இந்த முறை முழுக்க ஆடுதான்.

கேள்வி: மியூல் என்றால் கோவேறு கழுதை என்றுதானே பள்ளியில் படித்தோம்? கழுதைக்கும் ஆட்டுக்கும் எப்படிக் குட்டி பிறக்கும்? அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை இல்லை. கழுதைக்கும் இந்த ஆட்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அப்பா செம்மறி, அம்மா செம்மறி, பிறந்ததும் செம்மறிதான். அப்பா எப்போதும் ஒரே இனம், புளூஃபேஸ்டு லெஸ்டர் என்ற கிடா. அம்மா ஏதாவது ஒரு மலை இனத்துப் பெட்டை, வட இங்கிலாந்தில் பெரும்பாலும் ஸ்வேல்டேல். அம்மா ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் என்றால் ஸ்காட்ச் மியூல், வேல்ஸ் மலை ஆடு என்றால் வெல்ஷ் மியூல் என்று அம்மாவின் ஊரைப் பொறுத்து முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனில் கறிக்குட்டி ஈன்று தருவதற்காக வளர்க்கிற கலப்பினத் தாய் ஆடுகளில் இந்த வகைதான் மிகப் பரவலானது.

பெயருக்கு வருவோம். லத்தீனில் 'மூலுஸ்' என்றால் கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்தது. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போன பிறகு மெல்ல மெல்ல மிருகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'இரண்டு வகை கலந்து வந்தது' என்ற அர்த்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. 1717ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் தாமஸ் ஃபேர்சைல்டு என்ற தோட்டக்காரர் கார்னேஷன் பூவையும் ஸ்வீட் வில்லியம் பூவையும் கலந்து ஒரு செடி உண்டாக்கினார், அதற்குப் பெயரே 'ஃபேர்சைல்டின் மியூல்'. கேனரிக் குருவியை வேறு குருவியோடு சேர்த்து எடுத்த குஞ்சுக்கும் பறவை வளர்ப்பவர்கள் மியூல் என்றே சொல்வார்கள். 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் என்பவர் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டம் என்ற இரண்டு நூற்பு எந்திரங்களைக் கலந்து புதிதாக ஒரு எந்திரம் செய்தாரே, பாடப் புத்தகத்தில் தொழிற்புரட்சிப் பாடத்தில் ஒரு வரியாக வந்து போகும், அதுவும் 'ஸ்பின்னிங் மியூல்'தான். இரும்பும் மரமும் சேர்ந்த எந்திரத்தையே மியூல் என்று கூப்பிடுகிற ஊரில், பாதி பள்ளத்தாக்கும் பாதி மலையுமாகப் பிறந்த ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கையில் உள்ள கட்டுரையில் இந்த ஆடு வருகிறது. 'கோவேறு ஆடு' என்று போட்டால் சரியாக இருக்குமா? அவசரம்.

பதில்: போட்டுவிடாதீர்கள். கோவேறு கழுதையை கோ, ஏறு, கழுதை என்று பிரித்து அரசன் ஏறுகிற கழுதை என்று பொருள் சொல்வது நம் வழக்கம். அப்படியானால் கோவேறு ஆடு என்பது ராஜா ஏறுகிற ஆடு. எழுபத்தைந்து கிலோ செம்மறி மேல் ராஜா ஏறி உட்கார்ந்தால் ராஜாவுக்கும் நல்லதில்லை, ஆட்டுக்கும் நல்லதில்லை. கோவேறு கழுதைக்குப் பழைய சொல்லான அத்திரியும் உதவாது, சங்கப் பாட்டில் அது தலைவன் ஏறி வருகிற வாகனம். ஆங்கிலச் சொல் இனக்கலப்பைப் பிடித்துக்கொண்டது, தமிழ்ச் சொல் சவாரியைப் பிடித்துக்கொண்டது, இரண்டும் ஒரே மிருகத்தில் தொடங்கி வேறு வேறு திசையில் போய்விட்டன. 'மியூல் செம்மறி' என்று எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் 'கலப்பினம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், போதும். வெறும் 'ஆடு' என்று விட்டால் பாதிப் பேர் வெள்ளாடு என்று நினைத்துக்கொள்வார்கள், அதையும் கவனியுங்கள். (இந்தப் பக்கத்தில் நான் ஆடு ஆடு என்று எழுதுவது பேச்சு வசதிக்கு.)

கேள்வி: கோவேறு கழுதை மலடு. இந்த மியூலும் மலடா?

பதில்: மலடாக இருந்தால் இதை எவனும் வளர்க்க மாட்டான். இதன் முழு வேலையே குட்டி போடுவதுதான்.

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்தால் 63, ஜோடி சேராமல் ஒன்று தனியாக நிற்கும், பெற்றோரின் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது, அதனால் வித்தணுவோ முட்டையோ ஒழுங்காக உருவாகாது. செம்மறியில் எந்த இனமானாலும் 54தான். ஸ்வேல்டேலும் லெஸ்டரும் பார்க்க எவ்வளவு வித்தியாசமாக இருந்தாலும் உள்ளே ஒரே சாதி. அதனால் மியூல் பெட்டை நூற்றுக்கு 175 முதல் 200 குட்டிவரை ஈன்றுவிடும், அதாவது கிட்டத்தட்ட ஆட்டுக்கு இரண்டு. பெயர் வைத்தவர்கள் இனக்கலப்பை மட்டும்தான் பார்த்தார்கள், மலட்டுத்தன்மையைப் பார்க்கவில்லை.

கேள்வி: நல்ல இனம் ஒன்றை வாங்கி வளர்த்தால் ஆயிற்று. எதற்கு இந்த இரண்டு இனம், கலப்பு, அந்தக் கலப்பை மறுபடி கலப்பது என்று சுற்றி வளைக்கிறார்கள்?

பதில்: இந்தக் கேள்விதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நிலம் மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே பெனைன் மலைத்தொடர், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். ஆயிரம் மீட்டரைத் தாண்டாத மலைதான், ஆனால் மழையைக் கேட்காதீர்கள், லேக் டிஸ்ட்ரிக்டில் சீத்வெயிட் என்ற ஊரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. காற்று, பனி, முரட்டுப் புல், ஹெதர் என்ற குத்துச்செடி. பல இடங்களில் வேலியே கிடையாது. அங்கே பிழைப்பது ஸ்வேல்டேல் மாதிரி ஆடுதான்: கறுத்த முகம், வாய்ப்பக்கம் மட்டும் மாவில் முகம் வைத்து எடுத்ததுபோல வெளுப்பு, கிடாவுக்கும் பெட்டைக்கும் சுருண்ட கொம்பு, மேலே மழை வழிந்தோடும் முரட்டு ரோமம். வேலி இல்லாத மலையில் அது தன் இடத்தை விட்டுப் போகாது. தாயோடு மேய்ந்து பழகிய எல்லையைக் குட்டி கற்றுக்கொள்கிறது, அது தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. இப்படி நிலத்தோடு பழகிய மந்தையை, பண்ணை விற்கும்போது நிலத்தோடு சேர்த்தே கைமாற்றுவார்கள். ஆனால் அது சின்ன ஆடு, பெரும்பாலும் ஒற்றைக் குட்டி, குட்டியும் மெதுவாகத்தான் சதை போடும்.

அந்த மலை ஆட்டுக்கு வாழ்க்கை பல்லில் இருக்கிறது. நாலு வயதுக்குள் முன்பற்கள் எட்டும் முளைத்துவிடும், அப்புறம் தேய ஆரம்பிக்கும். முரட்டுப் புல்லைக் கடித்து இழுக்கப் பல் வேண்டும். மூன்று நான்கு ஈற்று முடிந்ததும், பல் விழுவதற்கு முன்னாலேயே, மலைக்காரர் அந்தப் பெட்டைகளைக் கீழே விற்றுவிடுவார். கீழே என்றால் மலையடிவார நிலம், கல் மதில்கள் கட்டிய புல்வெளி, கொஞ்சம் நல்ல தீனி. மலையில் ஓய்வு கொடுக்கப்பட்ட அந்த ஆடு இங்கே இன்னும் இரண்டு மூன்று ஈற்று தாராளமாகத் தாங்கும். இங்கேதான் புளூஃபேஸ்டு லெஸ்டர் கிடா வருகிறது. பெரிய உடம்பு, நீளமான முதுகு, இரட்டைக் குட்டி ரத்தம், நிறையப் பால். மலையில் கொண்டுபோய் விட்டால் ஒரு குளிர்காலம் தாங்காது, மெல்லிய தோல், மெல்லிய ரோமம். அது மலைக்குப் போக வேண்டியதில்லை, மலையிலிருந்து பெட்டை அதைத் தேடி வருகிறது. (இப்போது இளம் மலைப் பெட்டைகளில் ஒரு பகுதியையும் லெஸ்டருக்கு விடுகிற பண்ணைகள் உண்டு, மியூல் பெட்டைக்குட்டிக்கு நல்ல காசு என்பதால்.)

பிறக்கிற குட்டிதான் மியூல். அம்மாவிடமிருந்து தாங்கும் உடம்பும் தாய்மையும், அப்பாவிடமிருந்து அளவும் இரட்டைக் குட்டியும் பாலும். செப்டம்பர், அக்டோபரில் பெட்டைக்குட்டிகள் ஏலத்துக்கு வரும். வாங்குவது மூன்றாவது அடுக்கு, கீழ்நாட்டுச் செழிப்பான பண்ணைகள். அவர்கள் மியூலை டெக்ஸல், சஃபோக் மாதிரி சதைப்பிடிப்பான கிடாவோடு சேர்த்து, நாலைந்து மாதத்தில் 40 கிலோ உயிர் எடைக்கு வருகிற குட்டியை எடுக்கிறார்கள். அந்தக் குட்டி ஆணானாலும் பெண்ணானாலும் கறிக்கடைக்கு. சங்கிலி அங்கே முடிகிறது.

ஆக, மலையில் பிழைக்க ஒரு ஆடு, பால் கொடுத்து இரண்டு குட்டியை வளர்க்க ஒரு ஆடு, சதை போட ஒரு ஆடு. மூன்றையும் ஒரே உடம்பில் அடக்க முயன்றால் மூன்றிலும் அரைகுறையாக வரும். அதனால்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் மியூல் கிடாவையும் மியூல் பெட்டையையும் சேர்த்து அதையே ஒரு இனமாக்கிவிட வேண்டியதுதானே? வருஷா வருஷம் ஏலத்துக்கு அலைய வேண்டாமே?

பதில்: நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். இரண்டு சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலத்தில் பாதி, சிவப்பில் பாதி எடுத்து ஒவ்வொரு குட்டிக்கும் கொடுத்தால் எல்லாக் குட்டியும் பாதிப் பாதி, மந்தை ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். அதுதான் முதல் கலப்பு. இப்போது அந்தக் கலந்த கட்டுகளை மறுபடி குலுக்கிப் பங்கு போடுங்கள். ஒன்றுக்கு நீலம் அதிகம், ஒன்றுக்குச் சிவப்பு அதிகம், ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி. நூறு குட்டியில் நூறு ரகம். கறிக்கு வாங்குகிறவருக்கு ஒரே சீரான குட்டி வேண்டும், இந்தக் கலவையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இன்னொரு நஷ்டமும் உண்டு. தூர உறவுள்ள இரண்டு இனத்தைச் சேர்க்கும்போது குட்டி பெற்றோரின் சராசரியைவிடத் துடிப்பாக இருக்கும், இதைக் கலப்பின வீரியம் என்பார்கள். கலப்பினத் தாய் என்றால் அந்த வீரியம் சினை பிடிப்பதிலும், குட்டி பிழைப்பதிலும், பாலிலும் தெரியும். மியூலுக்கு மியூலைச் சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே காணாமல் போகும். அதனால் மியூலை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கென்று வட இங்கிலாந்தில் மியூல் ஆட்டுச் சங்கமே இருக்கிறது, சங்கம் இருப்பதால் இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கலப்பு இனமாகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன சஃபோக் கிடா இருக்கிறதே, அதுவே நார்ஃபோக் ஹார்ன் பெட்டைக்கும் சவுத்டவுன் கிடாவுக்கும் பிறந்த கலப்பிலிருந்து வந்ததுதான். பல தலைமுறை பொறுக்கி எடுத்து, வேண்டாததைக் கழித்து, ஒரு அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். முடியும். ஆனால் மியூல் விஷயத்தில் அதற்கு யாருக்கும் அவசியம் வரவில்லை, மலையில் அம்மா இருக்கும்வரை.

கேள்வி: அந்த லெஸ்டர் கிடாவின் முகம் நிஜமாகவே நீலமா?

பதில்: சாயம் போட்ட நீலம் இல்லை. தோல் கருநீலம், அதன் மேல் குட்டையான வெள்ளை முடி, முடி வழியாகத் தோல் கசிந்து தெரியும். சவரம் செய்த மறுநாள் தாடையில் ஒரு சாம்பல் நிறம் தெரியுமே, அந்த மாதிரி. மூக்கு நடுவில் மேடாக வளைந்திருக்கும், காது நீளமாக நிமிர்ந்து நிற்கும், மொத்தத்தில் யாரையும் மதிக்காத ஒரு பெரிய மனுஷனின் பார்வை. பதினெட்டாம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் உருவாக்கிய லெஸ்டர் ஆட்டின் வம்சம் இது. பிறகு நார்தம்பர்லாந்தில் ஹெக்ஸம் வட்டாரத்தில் நீல முகத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள், அதனால் ஹெக்ஸம் லெஸ்டர் என்றும் பெயர் உண்டு. இதிலேயே இரண்டு பிரிவு இருக்கிறது. முகத்தில் பழுப்பு அடித்த கிடாவை ஸ்வேல்டேல் பெட்டைக்கு விரும்புவார்கள், பிறக்கிற மியூலின் முகத்தில் நிறம் திட்டவட்டமாக விழும் என்பதற்காக.

கேள்வி: ஏலத்துக்கு முன்னால் ஆட்டுக்கு முகம் கழுவி விடுவார்களாமே? கறிக்குட்டி பெறப்போகிற ஆட்டுக்கு அழகு எதற்கு?

பதில்: கழுவுவது மட்டுமா! ரோமம் ஒரே நிறமாகத் தெரிய சாயம் கலந்த கரைசலில் முக்கி எடுப்பார்கள், முகத்தில் ஒட்டிய அழுக்கைத் துணியால் துடைப்பார்கள். முகத்தில் கறுப்போ கரும்பழுப்போ வெள்ளையோடு கலக்காமல், ஓரம் மங்காமல் திட்டுத்திட்டாக இருந்தால் விலை ஏறும். ஹாஸ், லாசன்பி, கிர்க்பி ஸ்டீபன் மாதிரி ஊர்களில் ஏலக் களத்தைச் சுற்றி விவசாயிகள் வட்டமாக நிற்க, பத்து இருபது பெட்டைக்குட்டிகள் கூட்டமாக உள்ளே ஓடி வரும், ஏலக்காரர் மூச்சு விடாமல் எண்களை அடுக்குவார், வாங்குகிறவர் புருவத்தை அசைத்தாரா கொட்டாவி விட்டாரா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. விற்றவர் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமும் அங்கே உண்டு, அதிர்ஷ்டக் காசு.

அழகு எதற்கு என்றால், முழுக்க வீண் பகட்டு என்று தள்ளவும் மாட்டேன், முழுக்க அர்த்தமுள்ளது என்று சொல்லவும் மாட்டேன். முகம் தெளிவாக இருந்தால் அப்பாவும் அம்மாவும் சொன்னபடிதான் என்று ஒரு நம்பிக்கை. சீட்டு எழுதிக் கொடுக்காத காலத்தில் முகம்தான் சீட்டு. ஆனால் முகத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கிறவர் மடியைப் பார்க்க மறந்துவிடுகிறார் என்று தோன்றும்.

இன்னொன்று, அங்கே பெட்டைக்குட்டிக்குச் சொல்லும் வார்த்தை 'கிம்மர்', இது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிச் சொல். மலைக்குச் சொல்லும் 'ஃபெல்' கூட அப்படித்தான். கடல் தாண்டி வந்து குடியேறியவர்களின் பேச்சு, ஆட்டுப் பட்டியில் ஆயிரம் ஆண்டாகத் தங்கிவிட்டது.

கேள்வி: படங்களில் இங்கிலாந்து ஆடுகளின் பின்பக்கம் சிவப்பும் நீலமுமாக அப்பியிருக்கிறதே, அது அடையாளக் குறியா?

பதில்: சொந்தக்காரர் யார் என்று காட்டுகிற குறி வேறு, அது தோளிலோ விலாவிலோ இருக்கும். பின்பக்கம் இருப்பது கிடாவின் வேலை. பொலிகிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த சாயத்தைப் பூசுவார்கள், அல்லது வார்ப்பட்டையில் கிரேயான் கட்டியை மாட்டிவிடுவார்கள். கிடா ஏறிய பெட்டையின் முதுகுப்பின்னால் நிறம் ஒட்டிக்கொள்ளும். செம்மறி சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்தக் கணக்கு வைத்து நிறத்தை மாற்றுவார்கள், முதலில் மஞ்சள் போல வெளிறிய நிறம், அப்புறம் அதை மூடுகிற அடர்நிறம். முதல் சுற்றில் மஞ்சள் வாங்கிய ஆடு இரண்டாம் சுற்றில் சிவப்பும் வாங்கினால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். மந்தையில் பாதிக்கு மேல் இப்படி இரண்டு நிறம் என்றால் கோளாறு கிடாவிடம், உடனே கிடாவை மாற்ற வேண்டும். காலையில் வேலிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்தால் எந்த ஆடு எந்த வாரம் ஈனும் என்று சொல்லிவிடலாம், நோட்டுப் புத்தகம் வேண்டாம்.

மலைப்பண்ணைகளில் கிடாவை விடுவது நவம்பர் 5 வாக்கில், அங்கே ஊரெல்லாம் வெடி வெடித்துத் தீ மூட்டும் நாள். சினைக்காலம் 147 நாள். எண்ணிப் பாருங்கள், சரியாக ஏப்ரல் 1இல் வந்து நிற்கும். 'வெடிச்சத்தத்தோடு உள்ளே, முட்டாளோடு வெளியே' என்ற பொருளில் அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. அதற்கு முன்னால் குட்டி விழுந்தால் மலையில் புல் இருக்காது. கீழ்நாட்டு மியூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, புல் சீக்கிரம் வரும், ஈற்றும் சீக்கிரம்.

கேள்வி: ஆண் மியூலை என்ன செய்வார்கள்? கம்பளிக்கு விலை உண்டா?

பதில்: காயடித்துக் கறிக்கு வளர்ப்பார்கள். டெக்ஸல் கலந்த குட்டியைவிட மெதுவாக எடை போடும், விலையும் குறைவு. கம்பளி? வெட்டுகிற கூலிக்கே பல ஆண்டுகளில் கட்டுவதில்லை, ஆனாலும் வெயில் காலத்துக்கு முன்னால் வெட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

கேள்வி: மேஷம், கிரேஃபேஸ் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். மேஷம் என்றால் நம் ராசியா?

பதில்: சிரித்துவிட்டேன். ராசியிலும் ஆடு, அங்கேயும் ஆடு, ஆனால் சம்பந்தம் இல்லை. நார்த் யார்க்‌ஷயரில் மேஷம் என்று எழுத்துப்படி நாம் படிக்கிற சந்தை ஊர் ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதை 'மாசம்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரின் ஆட்டுச் சந்தை பேர் பெற்றது. டீஸ்வாட்டர் அல்லது வென்ஸ்லிடேல் கிடாவுக்கும் டேல்ஸ்பிரெட் அல்லது ஸ்வேல்டேல் பெட்டைக்கும் பிறந்தது மாசம் ஆடு. மியூலின் பங்காளி மாதிரி, ஒரே தத்துவம், அப்பா மட்டும் வேறு. இதன் கம்பளி நீளமாக, பளபளப்பாக இருக்கும், அதில் மட்டும் மியூலை ஜெயித்துவிடும்.

கிரேஃபேஸ் என்பது பார்டர் லெஸ்டர் கிடாவுக்கும் ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் பெட்டைக்கும் பிறந்தது. வெள்ளை முகம், கறுப்பு முகம், நடுவில் சாம்பல், பெயர்க்காரணம் அவ்வளவே. அதே பார்டர் லெஸ்டரைச் செவியட் பெட்டையோடு சேர்த்தால் 'ஹாஃப்பிரெட்', பாதிக்கலப்பு, அதற்குக் கற்பனையே தேவைப்படவில்லை. இவற்றையெல்லாம் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம், ஒன்றுக்கு ஊர்ப்பெயர், ஒன்றுக்கு முகத்தின் நிறம், ஒன்றுக்குக் கணக்கு. மியூல் மட்டும்தான் வேறொரு மிருகத்தின் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறது. இனப்பெயரிலேயே கதை உள்ள ஆடு வேண்டுமென்றால் வென்ஸ்லிடேலைப் பாருங்கள். பலருக்கு அது சீஸின் பெயர், ஆனால் அந்த ஆடுகள் எல்லாவற்றுக்கும் மூதாதை 1839இல் பிறந்த 'புளூகேப்' என்ற ஒரே கிடா, நீலத் தொப்பி. அதற்கும் முகம் நீலம்தான்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மியூலுக்குக் குறையே இல்லை போலிருக்கிறதே?

பதில்: இருக்கிறது. முதலில் உடம்பு. பெரிய ஆடு, நிறையத் தின்னும். தீவனம் விலை ஏறினால் சின்ன ஆட்டுக்காரர் சிரிப்பார்.

இரண்டாவது, குட்டி அதிகமாவதும் தொல்லை. செம்மறிக்குக் காம்பு இரண்டுதான். மூன்று போட்டால் ஒன்று பட்டினி. அதனால்தான் சினையாகி எண்பது தொண்ணூறு நாளில் ஸ்கேன் பார்த்து, ஒற்றை, இரட்டை, மூன்று என்று குறி போட்டுத் தனித்தனியாகத் தீனி வைப்பார்கள். ஈற்று நேரத்தில் பட்டியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் குட்டி ஆடு ஈனும் சமயம் பார்த்து, மூன்று போட்ட ஆட்டின் ஒரு குட்டியை எடுத்து வந்து, ஈனுகிற ஆட்டின் பனிக்குட நீரை அந்தக் குட்டியின் மேல் தலையிலிருந்து வால் வரை நன்றாகத் தேய்த்து, சொந்தக் குட்டி வெளியே வருவதற்கு முன்னாலேயே தாயின் மூக்குக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். தாய் நக்க ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்தது. ஈன்ற உடனே ஆடு மூக்கால்தான் பிள்ளையை அடையாளம் காண்கிறது. குட்டி செத்துப்போன தாய் என்றால் இன்னும் கொடுமை, செத்த குட்டியின் தோலை உரித்து மற்றொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள், இரண்டு மூன்று நாள் கழித்து, பால் அந்தக் குட்டியின் வயிற்று வழியாகப் போய்த் தாயின் வாசனை வந்த பிறகு, சட்டையைக் கழற்றுவார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு உயிருக்கும் அது நல்லது.

மூன்றாவது குறை பெரியது. மந்தைக்குப் புதுப் பெட்டை வேண்டுமென்றால் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கும்போது நோயும் கூடவே வண்டி ஏறி வரலாம். சொறியும் வரும், சினை கலைக்கும் தொற்றும் வரும். அதற்குப் பயந்தே, சொந்த மந்தையிலேயே பெட்டை எடுத்துக்கொள்ளும் வேறு இனங்களுக்கு மாறியவர்கள் உண்டு.

அப்புறம் மலை. 2001இல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டன் முழுக்க அறுபது லட்சத்துக்கும் மேலான கால்நடைகளைக் கொன்றார்கள், கம்ப்ரியா மாவட்டத்துக்குத்தான் பெரிய அடி. பணம் கொடுத்தால் வேறு ஸ்வேல்டேல் வாங்கலாம், ஆனால் தன் எல்லையைத் தாயிடம் கற்ற ஸ்வேல்டேலை எந்த ஏலத்தில் வாங்குவது? புதிதாக வந்த ஆடுகளுக்கு எல்லை காட்ட ஆட்கள் மலையில் காவல் நிற்க வேண்டியிருந்தது. பிறகு 2005இல் ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுப்பதை நிறுத்தி, நிலத்தை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்கப்புறம் மலையில் ஆடு அதிகம் வைத்துக்கொள்ள முன்போல் காரணம் இல்லை. இதில் கீழ்நாட்டுக்காரர்கள் மறந்துவிடுகிற கணக்கு ஒன்று: மலைக்காரர் தன் பெட்டைகள் எல்லாவற்றையும் லெஸ்டர் கிடாவுக்கு விட முடியாது. தன் மந்தை தொடர வேண்டுமென்றால் நல்ல பெட்டைகளை, அதுவும் முதல் ஈற்றுகளை, ஸ்வேல்டேல் கிடாவுக்கே ஒதுக்கிவைக்க வேண்டும். அது போக மீதிதான் மியூல்.